ஊருக்கெல்லாம் ஒரே முகவரியா?

இந்தப் பதிவு சிலருக்குக் கோபத்தை வரவழைக்கும். வரட்டும். நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் பத்துப் பேரைப் பிடித்து "உங்கள் மின்னஞ்சல் முகவரி என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரும் ஒரே ஒரு முகவரியைத்தான் சொல்வார்கள். அதிலும் ஐந்து பேர் சட்டைப் பையிலிருந்து சின்ன டயரியை எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். அந்த முகவரியை உண்டாக்கிக் கொடுத்தது பிரவுசிங் சென்டர் பையனாகவோ பேரனாகவோ இருக்கும். வங்கிக்கும் அதே முகவரிதான். பென்ஷன் அலுவலகத்துக்கும், வருமான வரிக்கும், ரயில் டிக்கெட்டுக்கும் அதுதான். ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் கேட்டபோது கொடுத்ததும், மூக்குக்கண்ணாடிக் கடையில் குலுக்கல் சீட்டில் எழுதிப் போட்டதும் அதேதான்.

இது தப்பு. பழக்கதோஷம், வயசாகிவிட்டது என்றெல்லாம் சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடிய சின்னத் தப்பும் இல்லை. நம் பணம், பென்ஷன், ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எல்லாம் அந்த ஒரு வாசல் வழியாக வருகின்றன. அந்த வாசலின் விலாசம் ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டின மாதிரி கிடக்கிறது. வாசலோ நம்முடையதும் இல்லை.

நான் 36 வருஷம் தபால் பிரித்தவன். ஆர்.எம்.எஸ். வண்டியில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு கடிதங்களை அறை அறையாகப் போட்டவன். விலாசம் என்றால் என்ன என்பது பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். காகிதத் தபாலில் ஒருவருக்கு ஒரு விலாசம்தான் இருக்க முடியும். வீடு ஒன்று, தெரு ஒன்று, 1972-ல் வந்த பின்கோடு ஒன்று. எல்.ஐ.சி.க்கு ஒரு வீட்டு எண், மளிகைக்கடைக்கு வேறு வீட்டு எண் என்று கொடுக்க முடியாது. மின்னஞ்சலில் அந்தக் கட்டாயம் கிடையவே கிடையாது. அங்கே விலாசம் என்பது ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும் ஒரு வரி. வரியைச் சேர்த்தால் விலாசம் பிறக்கும், அடித்தால் இறக்கும். இவ்வளவு வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, செங்கல் வீட்டுக்கு உள்ள கட்டுப்பாட்டை நாமாக இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் செய்திருப்பது இதுதான். சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்கியிருக்கிறேன். வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்திருக்கிறேன். சொந்த சர்வர் என்றதும் என் வீட்டு மாடியில் ஏசி போட்ட ரூமில் மின்மினுக்கும் இயந்திரம் இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அது எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கிறது. மாத வாடகை, தினம் இரண்டு வேளை வெளியில் காப்பி குடிக்கிறவர் மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும் தொகைக்கு மேல் போகாது. அதில் லினக்ஸ். லினக்ஸுக்கு மேலே போஸ்ட்பிக்ஸ் என்ற இலவச மென்பொருள். டச்சுக்காரரான வீட்சே வெனெமா ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது எழுதி 1998-ல் வெளியிட்டது. 27 வருஷத்துக்கும் மேலாகப் பெரிய பெரிய நிறுவனங்கள் அதை ஓட்டிக்கொண்டிருக்கின்றன. நேற்று முளைத்த விஷயம் இல்லை.

இந்த போஸ்ட்பிக்ஸில் விர்ச்சுவல் அலியாஸ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. அலியாஸ் என்றால் நமக்குப் புதிதா என்ன? கிரயப் பத்திரத்தில் "கோவிந்தசாமி என்கிற ராஜு" என்று எழுதுவார்களே, அந்த "என்கிற"தான் அலியாஸ். ஆள் ஒருவர், பெயர் இரண்டு. விர்ச்சுவல் என்பது, அந்தப் பெயருக்கென்று சர்வரில் தனி ஆளோ தனிப் பெட்டியோ கடவுச்சொல்லோ இல்லை, வெறும் பெயர் மட்டுமே என்பதைக் குறிக்கிறது. அந்தப் பெயருக்கு வரும் கடிதம், நாம் சொல்லும் பெட்டியில் போய் விழும்.

கோப்பில் இருப்பது இரண்டே பத்திதான். இடது பக்கம் ஊருக்குக் கொடுத்த பெயர், வலது பக்கம் உண்மையான பெட்டி. தமிழில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்:

பென்ஷன்-க7@நம்வீடு.உதாரணம்     பெரியவர்
மின்வாரியம்-த2@நம்வீடு.உதாரணம்     பெரியவர்
கண்ணாடிக்கடை-ப9@நம்வீடு.உதாரணம்     பெரியவர்

(அசலில் ஆங்கில எழுத்தில்தான் வைத்திருக்கிறேன். தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்க இப்போது வழி இருக்கிறது, போஸ்ட்பிக்ஸும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் எதிரே இருக்கும் கடைக்காரரின் மென்பொருள் ஏற்றுக்கொள்ள வேண்டுமே. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

வரிகளை எழுதி முடித்தபின் போஸ்ட்மேப் என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். கடிதம் வரும்போதெல்லாம் போஸ்ட்பிக்ஸ் நாம் எழுதிய கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்காது. அதிலிருந்து தயாரித்த அட்டவணையைத்தான் பார்க்கும். அட்டவணையைப் புதுப்பிக்காவிட்டால் எழுதிய வரி எழுதியபடி கிடக்கும், கடிதம் வராது. இன்னொரு விஷயத்திலும் கவனம் வேண்டும். டொமைன் பெயரை விர்ச்சுவல் அலியாஸ் டொமைன் என்று அறிவித்துவிட்டால், அதே பெயரை உள்ளூர் டொமைன் பட்டியலிலும் எழுதக் கூடாது. இரண்டு இடத்திலும் எழுதினால் போஸ்ட்பிக்ஸ் எச்சரிக்கை எழுதும். ஒரே தெருவை இரண்டு பீட்டில் போட்டால் தபால் ஆபீஸில் என்ன குழப்பம் வருமோ அதே குழப்பம்தான். மற்றபடி இதில் மூளையைக் கசக்க ஒன்றும் இல்லை. என் கோப்பில் இன்றைக்கு 63 வரிகள்.

இதைச் செய்வதால் என்ன லாபம்? கையில் சிக்கிய ஒரு விஷயத்தையே சொல்கிறேன்.

நம் ஊர்ப்பக்கத்து மருத்துவமனை ஒன்றில் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்தேன். ரிசல்ட்டை மின்னஞ்சலில்தான் அனுப்புவோம் என்றார்கள். அவர்களுக்கென்றே ஒரு பெயர் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெயரை உலகத்தில் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கக் காரணமும் இல்லை. நாலு மாதம் கழித்து அந்தப் பெயருக்கு மூட்டுவலித் தைல விளம்பரம் வந்தது. பிறகு மருத்துவக் காப்பீடு. அதற்கும் பிறகு, நவம்பர் பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது, "உங்கள் உயிர்வாழ் சான்று காலாவதியாகிவிட்டது, கீழே அழுத்திப் புதுப்பிக்காவிட்டால் பென்ஷன் நிறுத்தப்படும்" என்று ஒன்று. சிங்க முத்திரை, மூவர்ணக் கோடு எல்லாம் அச்சாக இருந்தது.

இந்தக் கடைசிக் கடிதத்தைத்தான் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரே முகவரி வைத்திருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? பென்ஷன் அலுவலகத்துக்குக் கொடுத்த அதே முகவரிக்குப் பென்ஷன் பற்றிக் கடிதம் வந்திருக்கிறது; நவம்பர் மாதம் உயிர்ச்சான்று கொடுக்கும் மாதம்; நம்பாமல் என்ன செய்வார்? அழுத்துவார். எனக்கோ அதை அழுத்தலாமா வேண்டாமா என்று ஆராய வேண்டிய தேவையே இல்லை. பென்ஷன் அலுவலகத்துக்குத் தெரிந்த பெயர் வேறு. இந்தக் கடிதம் வந்திருப்பது ரத்தப் பரிசோதனைப் பெயருக்கு. அப்படியானால் அனுப்பியவன் திருடன். முத்திரை, எழுத்துப்பிழை, இலக்கணம் எதையும் பார்க்க வேண்டாம். உறைமேல் இருக்கும் பெயரைப் பார்த்தாலே போதும். தபால் பிரிப்பவனுக்கு எப்போதுமே அது போதும்.

அந்தக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண், "எங்ககிட்டேருந்து எதுவும் வெளியே போகாது சார், உங்க போன்லேருந்துதான் போயிருக்கும்" என்றார். எல்லாரிடமும் சொல்லும் பதில் அது. எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். "அம்மா, இந்தப் பெயர் உங்களுக்கு மட்டும் கொடுத்தது, இது உங்கள் ரிசல்ட் உறை, இது திருட்டுக் கடிதம், இரண்டு பெயரும் ஒன்றா இல்லையா, நீங்களே படித்துப் பாருங்கள்" என்றேன். மேலாளர் வந்தார். படித்தார். "சாஃப்ட்வேர் கம்பெனியை மாத்தினோம் சார், பழைய ஆளுங்ககிட்ட டேட்டா இருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். சட்டம் இருந்து என்ன, யார் விற்றார் என்று நிரூபிக்கக் கையில் ஏதாவது இருந்தால்தானே வாய் திறக்க முடியும்? அலியாஸ் அந்த ஆதாரத்தைத் தருகிறது.

வீட்டுக்கு வந்து அந்த வரியை அடித்தேன். போஸ்ட்மேப் கட்டளை கொடுத்தேன். முடிந்தது. இப்போது அந்தப் பெயருக்கு யார் கடிதம் கொண்டுவந்தாலும் என் சர்வர் வாசலிலேயே "550" என்று சொல்லி நிறுத்திவிடும். "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்பதற்கான எண் அது. கடிதத்தை வாங்குவதே இல்லை. இலவச அஞ்சலில் நீங்கள் "ஸ்பேம்" என்று தள்ளுகிறீர்களே, அது குப்பையை வீட்டுக்குள் வாங்கி மூலையில் கொட்டிவைக்கிற வேலை. மூலை நிறைந்து, நல்ல கடிதமும் அதற்குள் விழுந்து, பேரன் வந்து தேடி எடுத்துக் கொடுப்பான்.

என் தம்பி மகன் சென்னையில் கணினித் துறையில் இருக்கிறான். "பெரியப்பா, இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? ஃப்ரீயா நல்ல சர்வீஸ் இருக்கு. அதுலயே பிளஸ் குறி போட்டு எத்தனை பேர் வேணும்னாலும் வச்சுக்கலாமே" என்றான். படித்த பிள்ளை, பதில் சொல்ல வேண்டியது நியாயம்.

பிளஸ் குறி விஷயம் உண்மைதான். உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தால் கடிதம் உங்களுக்கே வரும். ஆனால் கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பது உங்கள் உண்மையான பெயர். குறியையும் பின்னால் வருவதையும் வெட்டிவிட்டால் திருடனுக்கு அசல் முகவரி கிடைத்துவிடுகிறது. வெட்டுவதற்கு அவனுக்கு ஒரு வினாடி ஆகாது. முகமூடி போட்டுக்கொண்டு, நெற்றியில் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டு போவதில் என்ன பிரயோசனம்? நம்மூர் அலுவலகப் படிவங்கள் பல, கூட்டல் குறியைப் பார்த்ததுமே "தவறான முகவரி" என்று சிவப்பில் காட்டுகின்றன என்பது வேறு சங்கதி.

இலவசம் என்பதைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும். ஹாட்மெயில் 1996-ல் வந்தது, ஜிமெயில் 2004 ஏப்ரல் 1-ந் தேதி வந்தது. இனாமாக ஒரு ஜிபி இடம் என்றபோது ஏப்ரல் ஃபூல் வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். அந்த நாளில் அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அது குடக்கூலி கூட இல்லாமல் குடியிருக்கும் வீடு. கூலி கொடுத்துக் குடியிருப்பவருக்காவது வாடகைச் சட்டம் உண்டு. இனாமாக இருப்பவர், திண்ணையில் படுக்க இடம் கொடுத்தவர் "எழுந்து போ" என்றால் எழுந்து போகத்தான் வேண்டும். 2 வருஷம் உள்ளே வராத கணக்குகளைக் கூகுள் அழிக்கலாம் என்று விதி எழுதி, 2023 டிசம்பரிலிருந்து அழிக்கவும் தொடங்கியது. யாஹூவில் 2013-ல் நடந்த திருட்டில் 300 கோடிக் கணக்குகள், அதாவது அன்று இருந்த அத்தனை கணக்குகளும், போனதாக 2017-ல்தான் ஒப்புக்கொண்டார்கள். நாலு வருஷம் கழித்து! நம் ஆர்.எம்.எஸ்.ஸில் அந்தக் காலத்தில் ஒரு இன்ஷ்யூர் பை காணாமல் போனால் விடிவதற்குள் தந்தி பறந்துவிடும்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு நடந்ததும் நினைவிருக்கிறது. மகள் வீட்டுக்கு வெளிநாடு போய் ஏழெட்டு மாதம் இருந்தார். இங்கே இருந்த கைபேசி எண்ணுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. எண் போய், வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்து புது போனில் மின்னஞ்சலைத் திறந்தால், "பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல்லுங்கள்" என்றது. பழைய எண்ணில் இருப்பவர் விழுப்புரம் பக்கத்தில் யாரோ ஒரு லாரி ஓட்டுநர். அந்த இலவச அஞ்சல் கம்பெனிக்குத் தொலைபேசி எண் கிடையாது, ஆபீஸ் கிடையாது, மனு கொடுக்கக் கவுன்ட்டர் கிடையாது. படிவம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பூர்த்தி செய்தார். "நீங்கள்தான் உரியவர் என்று உறுதிசெய்ய இயலவில்லை" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. மனைவி இருந்த காலத்திலிருந்து மகள் எழுதிய கடிதங்கள் பத்து வருஷத்துக் கட்டு, அதற்குள்ளே இருக்கின்றன. வங்கிக் கடவுச்சொல்லை மாற்றும் கடிதமும் அங்கேதான் போய் விழுகிறது. அவர் இன்னும் அதே முகவரியை ஒவ்வொரு அலுவலகமாகப் போய் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

சொந்த டொமைன் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. சர்வர் வாடகைக்கு விட்ட கம்பெனி நாளைக்கே மூடினாலும், டொமைன் பெயரை வேறொரு சர்வருக்குத் திருப்பிவிட்டு, கோப்பை அங்கே வைத்தால் அத்தனை பெயருக்கும் கடிதம் பழையபடி வரும். ஊரில் ஒருவருக்கும் "முகவரி மாறிவிட்டது" என்று சொல்ல வேண்டாம்.

தம்பி மகனுக்கு இன்னொரு வாதமும் இருந்தது. சொந்த சர்வரிலிருந்து அனுப்பினால் பெரிய கம்பெனிகள் சந்தேகப்பட்டு ஸ்பேமில் தள்ளிவிடும் என்றான். தள்ளும், அதில் பொய் இல்லை. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று அத்தாட்சிகள் டொமைனில் வைக்க வேண்டும், சர்வர் எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்ப வழி காட்டும் பதிவும் வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் இன்னும் கண்டிப்பு. இவற்றையெல்லாம் வைத்தும் புது சர்வர் என்றால் கொஞ்சநாள் முறைத்துத்தான் பார்ப்பார்கள். ஆனால் நான் கேட்கிறேன், மின்வாரியத்துக்கு நீங்கள் கடைசியாக எப்போது மின்னஞ்சல் எழுதினீர்கள்? வங்கிக்கு? கண்ணாடிக் கடைக்கு? நமக்கு வருவதுதான் உண்டு, போவது அபூர்வம். வாங்குவதற்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அனுப்புவதற்கு வேண்டுமானால் ஒரு இடைத்தரகு சேவையை வைத்துக்கொள்ளலாம். அனுப்புவது கஷ்டம் என்பதற்காக வாங்குவதையும் அடுத்தவனிடம் கொடு என்பது, தபால் பெட்டி தூரமாக இருக்கிறது, அதனால் வீட்டுக் கதவெண்ணையே அழித்துவிடு என்பதைப் போல.

"சர்வர் படுத்துக்கிட்டா?" என்றான். படுக்கட்டுமே. அனுப்புகிற சர்வர் கடிதத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயற்சி செய்யும். போஸ்ட்பிக்ஸில் தானாக அமைந்திருக்கும் கெடு 5 நாள். தபால்காரர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவதைவிட இது தாராளம்.

நம்மில் இதைச் செய்யத் துணிந்த சிலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் செய்யும் இரண்டு காரியங்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒன்று, கோப்பின் வலது பக்கம் பழைய இலவச முகவரியை எழுதிவிடுவது. எல்லாக் கடிதமும் என் சர்வருக்கு வந்து அங்கிருந்து இலவசப் பெட்டிக்கு ஓடும். பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் வங்கி அனுப்பிய கடிதத்தை உங்கள் சர்வர் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, "வங்கி பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாரோ வருகிறாரே" என்று எஸ்பிஎஃப் சோதனையில் தோற்றுப் போகலாம். நீங்கள் தள்ளிவிடும் குப்பையெல்லாம் உங்கள் சர்வர் பெயரில் வரவாகி, உங்கள் சர்வரே குப்பை அனுப்பும் சர்வர் என்ற பெயரும் வாங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, எந்தத் திண்ணையிலிருந்து எழுந்து வந்தோமோ அதே திண்ணைக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகிறோம். டவ்காட் என்ற இன்னொரு இலவச மென்பொருளைப் போட்டு, பெட்டியைச் சொந்த சர்வரிலேயே வைத்து, கைபேசியிலிருந்து அதைத் திறந்து படிப்பதுதான் முறை.

இரண்டாவது, டொமைனுக்கு எந்தப் பெயரில் வந்தாலும் வாங்கிக்கொள் என்று ஒரே வரி எழுதிவிடுவது. கேட்ச் ஆல் என்பார்கள். ஒவ்வொரு பெயராக யார் எழுதிக்கொண்டிருப்பது என்ற சோம்பேறித்தனம். அந்த ஒரு வரியால் 550 சொல்லும் உரிமையே போய்விடுகிறது. திருடர்கள் அகராதியைப் புரட்டி ராஜா, ராணி, தகவல், விற்பனை என்று வாய்க்கு வந்த பெயரெல்லாம் போட்டு அனுப்புவார்கள். எல்லாவற்றையும் உங்கள் சர்வர் வாயைப் பிளந்து வாங்கும். கொடுத்த பெயர் எது, கொடுக்காத பெயர் எது என்ற வித்தியாசமே இல்லை என்றால் யார் விற்றார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அலியாஸின் உயிரே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் நான் வெறும் "பென்ஷன்" என்று வைக்காமல் பின்னால் ஒரு எழுத்தும் எண்ணும் சேர்க்கிறேன். ஊகித்து வந்தவனையும் விலைக்கு வாங்கி வந்தவனையும் பிரித்தறிய அது உதவும்.

இப்போது ஆப்பிள், மொசில்லா போன்ற கம்பெனிகளே "உங்கள் முகவரியை மறைத்துத் தருகிறோம்" என்று அலியாஸ் வியாபாரத்தில் இறங்கிவிட்டன. ஒரே முகவரியை ஊருக்கெல்லாம் கொடுப்பது தப்பு என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? ஆனால் அவர்கள் டொமைனிலேயே தரும் பெயர் அவர்கள் சொத்து. சந்தாவை நிறுத்திவிட்டால் அந்தப் பெயர்களின் கதி அவர்கள் இஷ்டம்.

எல்லாரும் சர்வர் ஓட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மாதம் ஒரு முறையாவது உள்ளே போய்ப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் போட வேண்டும், பதிவேட்டைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் பதிவேடு காலைப் பேப்பர் மாதிரி. எந்த ஊர் சர்வர் எத்தனை மணிக்கு வந்து எந்தப் பெயருக்குக் கடிதம் கேட்டது, நாம் கொடுத்தோமா நிறுத்தினோமா எல்லாம் வரி வரியாக இருக்கும். அலியாஸ் பெயரும் உண்மைப் பெட்டியும் அடுத்தடுத்து எழுதியிருக்கும். அதில் ருசி இல்லாதவர்கள் டொமைனை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு, அலியாஸ் வைக்க இடம் கொடுக்கும் ஒரு நல்ல கட்டணச் சேவையில் பெட்டியை வைக்கலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அதுகூட வேண்டாம், இனாமே போதும் என்பவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

நம் வயதுக்காரர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானே கேட்டுவிடுகிறேன். நமக்குப் பிறகு என்ன ஆகும்? டொமைன் பெயருக்கு வருஷா வருஷம் பணம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் சில வாரம் பார்த்துவிட்டு, அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று சந்தைக்கு விட்டுவிடுவார்கள். வாங்கியவனுக்கு நம் பெயரில் வரும் கடிதமெல்லாம் போகும், வங்கிக் கடிதம் உட்பட. சொந்த டொமைனுக்கு எதிராகச் சொல்லக்கூடிய ஒரே கனமான வாதம் இதுதான், ஆனால் தம்பி மகன் இதைச் சொல்லவே இல்லை. அவனுக்கு வயது 31, தோன்றியிருக்காது. பதில் இருக்கிறது. நிறைய டொமைன்களை 10 வருஷம் வரை முன்பணம் கட்டி வைக்கலாம். நான் கட்டிவிட்டேன். பீரோவில் பத்திரங்களோடு ஒரு 80 பக்க நோட்டு வைத்திருக்கிறேன். டொமைன் எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் முடிகிறது, எந்தப் பெயர் எந்த அலுவலகத்துக்குக் கொடுத்தது, எதை முதலில் ரத்து செய்ய வேண்டும் என்று எல்லாம் கையெழுத்தில் இருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் அந்த நோட்டு இருக்கும் இடம் தெரியும். இலவச முகவரிக்காரர்கள் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது, சொல்லுங்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். கோப்பில் முதல் வரியாக நீங்கள் எழுத வேண்டிய பெயர் போஸ்ட்மாஸ்டர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கடிதம் வாங்கும் ஒவ்வொரு டொமைனிலும் போஸ்ட்மாஸ்டர் என்ற பெயருக்கு வருவதைப் படிக்க ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று 1982-ல் எழுதிய மின்னஞ்சல் விதிகளிலேயே இருக்கிறது. தபால் துறையில் 36 வருஷம் இருந்தும் எனக்குக் கிடைக்காத பதவி அது. இப்போது கோப்பின் முதல் வரியில் இருக்கிறது. இரண்டாவது வரி அப்யூஸ், புகார் சொல்பவர்களுக்கு. மூன்றாவது பென்ஷன். அதை மாற்ற நேரில்தான் போக வேண்டும் என்கிறார்கள். பென்ஷன் புத்தகத்தின் நகல் இரண்டும், பழைய முகவரி எழுதிய படிவம் இருந்தால் அதுவும் எடுத்துக்கொண்டு காலை 11 மணிக்கு முன்னால் போங்கள். அதற்குமேல் போனால் கூட்டம்.